பயணம் புறப்படுமுன் பார்க்க வேண்டிய கணக்குகள்

வெளிநாட்டுப் பயணம் என்பது ஒரு காலத்தில் ஊருக்கு ஒருவர் இருவருக்கே வாய்க்கக்கூடிய பேறாக இருந்தது. இன்றோ ஹஜ்ஜுக்கும் உம்ராவுக்கும் செல்வோர், பிழைப்புத் தேடி வளைகுடா நாடுகளுக்கும் மலேசியாவுக்கும் செல்வோர், அங்கே பணிபுரியும் தம் மக்களைக் கண்டுவரச் செல்வோர் என்று, விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் நம் இல்லங்களில் பெட்டி கட்டும் காட்சி பழகிப்போன ஒன்றாகிவிட்டது. இவ்விரு ஊர்களையும் சென்னையோடு இணைக்கும் பெருஞ்சாலையின் ஓரத்திலேயே மீனம்பாக்கம் விமான நிலையம் அமைந்திருக்கிறது. இரவு உணவை வீட்டில் முடித்துக்கொண்டு புறப்பட்டவர் மறுநாள் ஜித்தாவில் இறங்கிவிடுகிறார்.

பயணம் எளிதாகிவிட்டதால் அதற்கான முன்னேற்பாடும் பெட்டியளவில் சுருங்கிவிட்டதோ என்று எண்ணத் தோன்றுகிறது. துணிமணிகள் எத்தனை, ஊறுகாய் எத்தனை, கைச்செலவுக்கு ரியால் எவ்வளவு என்று கணக்கிடும் நாம், புறப்படுமுன் தீர்க்கவேண்டிய வேறு சில கணக்குகளை மறந்துவிடுகிறோம். அந்தக் கணக்குகளை இந்த வெள்ளிக்கிழமையில் ஒருமுறை நினைவுபடுத்திக் கொள்வோம்.

கப்பலில் சென்ற காலம்

நம் பாட்டனார் காலத்து ஹாஜிகளின் பயணத்தைச் சற்றே எண்ணிப் பாருங்கள். விழுப்புரம் சந்திப்பில் மீட்டர்கேஜ் ரயிலேறி, எழும்பூரில் இறங்கி, சென்ட்ரலுக்குச் சென்று, அங்கிருந்து பம்பாய் ரயிலைப் பிடிக்க வேண்டும். பம்பாயில் முஸாஃபிர்கானாவில் தங்கி, கப்பல் புறப்படும் நாளுக்காகக் காத்திருக்க வேண்டும். பின்னர் பல நாட்கள் கடலில் சென்று ஜித்தாவை அடைய வேண்டும். ஹஜ்ஜை முடித்து ஊர் திரும்பும்வரை வீட்டாருக்கு வரும் செய்தியெல்லாம் எப்போதாவது வரும் ஓர் அஞ்சல்தான். 1995ஆம் ஆண்டோடு இந்தியாவிலிருந்து ஹஜ்ஜுக்கான கப்பல் பயணம் நின்றுபோயிற்று.

கப்பலேறியவர் திரும்பி வருவார் என்பதற்கு உறுதி இருந்ததில்லை. ஆகவே, புறப்படுபவர் மரணத்திற்கு ஆயத்தமாவதைப் போன்றே ஆயத்தமானார். கொடுக்கவேண்டியதைக் கொடுத்தார், வாங்கவேண்டியதைக் குறித்து வைத்தார், பகைத்தவர் வாசலில் சென்று நின்றார். பயணம் நீண்டதாகவும் ஆபத்தானதாகவும் இருந்ததே அவர்களுக்கு ஓர் உபதேசமாக அமைந்தது. நமக்கோ பயணம் சில மணி நேரமாகக் குறுகிவிட்டது. ஆயினும் நம் தவணை என்றைக்கு முடியும் என்பதை அன்றும் எவரும் அறியார். இன்றும் எவரும் அறியார்.

ஹிஜ்ரத் கற்பிக்கும் பாடம்

உலக வரலாற்றில் திட்டமிட்டு மேற்கொள்ளப்பட்ட பயணங்களில் தலையாயது நம் நாயகம் (ஸல்) அவர்கள் மக்காவைத் துறந்து மதீனா சென்ற ஹிஜ்ரத் ஆகும். அது நிகழ்ந்தது கி.பி. 622ஆம் ஆண்டு. இறைவனின் பாதுகாப்பு உறுதியாக வாய்த்திருந்த நபியவர்கள், உலகியல் ஏற்பாடுகளில் எள்ளளவும் குறை வைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

ஹஜ்ரத் அபூபக்கர் (ரலி) அவர்கள் இரண்டு ஒட்டகங்களை நான்கு மாத காலம் தழை கொடுத்து வளர்த்து ஆயத்தமாக வைத்திருந்தார்கள். அவற்றுள் ஒன்றை நாயகம் (ஸல்) அவர்களுக்கு அன்பளிப்பாக ஈந்தபோது, விலைக்குத்தான் பெற்றுக்கொள்வேன் என்று அவர்கள் உறுதியாக மொழிந்துவிட்டார்கள். பயண உணவு தோற்பையில் கட்டப்பட்டது. அதைக் கட்டக் கயிறு இல்லாதபோது, அபூபக்கர் (ரலி) அவர்களின் புதல்வியார் அஸ்மா (ரலி) அவர்கள் தம் இடைக்கச்சையைக் கிழித்துக் கட்டினார்கள். மதீனா வடக்கே இருக்க, துரத்துவோரின் கண்ணில் படாதிருக்கத் தெற்கேயுள்ள ஸவ்ர் குகையில் மூன்று இரவுகள் தங்கினார்கள். பகலெல்லாம் மக்காவில் இருந்து செய்தி சேகரித்து, இரவில் குகைக்குக் கொண்டுவரும் பணி அபூபக்கர் (ரலி) அவர்களின் மகனார் அப்துல்லாஹ்வுக்கு உரியதாயிற்று. ஆமிர் இப்னு ஃபுஹைரா (ரலி) ஆடுகளை ஓட்டி வந்து பால் கொடுத்தார்கள். பாலைவனப் பாதையை நன்கறிந்த அப்துல்லாஹ் இப்னு உரைக்கித் என்பவர் கூலிக்கு அமர்த்தப்பட்டார். அவர் அப்போது முஸ்லிம் அல்லர். எனினும் தொழிலில் தேர்ந்தவர், நாணயமானவர் என்பதால் இரு ஒட்டகங்களும் அவரிடமே ஒப்படைக்கப்பட்டன.

இவை அனைத்திலும் நெஞ்சை உருக்குவது வேறொரு செய்தியாகும். மக்காவாசிகள் நாயகம் (ஸல்) அவர்களைக் கொல்லச் சதி செய்தார்கள். ஆயினும் தங்கள் பொருள்களை அவர்களிடமே அமானிதமாக ஒப்படைத்திருந்தார்கள். தம்மைக் கொல்ல வாளேந்தி நிற்கும் ஊராரின் பொருள்களை உரியவர்களிடம் திருப்பிக் கொடுப்பதற்காகவே ஹஜ்ரத் அலீ (ரலி) அவர்களை மக்காவில் விட்டுச் சென்றார்கள். பகைவனின் அமானிதமும் அமானிதமே. பகையைக் காட்டி அதை எடுத்துக்கொள்ள உரிமையில்லை. பயணம் புறப்படும் ஒவ்வொருவரும் தம் வீட்டிலுள்ள பிறர் பொருளை எண்ணிப் பார்க்க இதைவிடச் சிறந்த முன்மாதிரி வேறு வேண்டுமா?

கட்டுச்சோறும் தவக்குலும்

"அல்லாஹ் பார்த்துக்கொள்வான்" என்று சொல்லி ஏற்பாடின்றிப் புறப்படுவதைச் சிலர் தவக்குல் என்று கருதுகின்றனர். யமன் நாட்டினர் சிலர் முற்காலத்தில் உணவின்றி ஹஜ்ஜுக்கு வந்து, நாங்கள் இறைவனையே சார்ந்திருப்பவர்கள் என்று கூறிக்கொண்டு, மக்கா சேர்ந்ததும் மற்றவர்களிடம் கையேந்தினார்கள். அதனைக் கண்டித்தே திருமறையின் இரண்டாம் அத்தியாயம் 197ஆம் வசனம் இறங்கியதாக இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அறிவித்திருப்பது புகாரீயில் காணப்படுகிறது. பயணத்திற்கு வேண்டியதைத் தேடிக்கொள்ளுமாறு அவ்வசனம் பணிக்கிறது. அவ்வாறு தேடிக்கொள்வனவற்றுள் மேலானது இறையச்சமே என்றும் உணர்த்துகிறது. சோறும் வேண்டும், தக்வாவும் வேண்டும். ஒன்றைக் காட்டி மற்றொன்றை விடுவதற்கு இடமில்லை.

ஹஜ் எவர்மீது கடமை என்பதை விளக்கும் மார்க்க அறிஞர்கள், சென்று திரும்பும் செலவு மட்டும் போதாது, திரும்பி வரும்வரை மனைவி மக்களின் உணவுக்கும் உடைக்கும் இருப்பு வேண்டும் என்று வகுத்திருக்கிறார்கள். குடும்பத்தைப் பட்டினி போட்டுவிட்டுச் செல்வது வணக்கமாகாது. தன் பொறுப்பில் உள்ளோரைப் பாழாக விடுவதே ஒருவனுக்குப் பாவமாகப் போதும் என்பது நாயக வாக்கின் கருத்தாகும். கணவர் கிளம்பிய பின் அரிசிக் கடையில் கடன் சொல்லும் நிலை எந்த ஹாஜியின் மனைவிக்கும் வரலாகாது.

முதற்கணக்கு: கடன்

கடன் என்பது நாம் நினைப்பதைவிடக் கனமானது. இறைவழியில் உயிர்துறந்த ஷஹீதுக்கும் கடனைத் தவிர மற்ற பாவங்களே மன்னிக்கப்படும் என்று ஸஹீஹ் முஸ்லிமில் வந்துள்ளது. ஒருமுறை ஜனாஸா ஒன்று கொண்டுவரப்பட்டபோது, இவருக்குக் கடனுண்டா என்று நாயகம் (ஸல்) அவர்கள் வினவினார்கள். உண்டு என்று அறிந்ததும், நீங்களே தொழுதுகொள்ளுங்கள் என்று கூறிவிட்டார்கள். அபூ கதாதா (ரலி) அவர்கள் அக்கடனைத் தாம் ஏற்றுக்கொண்ட பின்பே தொழவைத்தார்கள்.

ஆகவே, ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு அமருங்கள். மளிகைக் கடைப் பாக்கி, நகை அடகு, கைமாற்று, வேலைக்காரருக்குக் கொடுக்கவேண்டிய கூலி, சீட்டில் எடுத்துவிட்ட பணத்திற்கு இன்னும் கட்டவேண்டிய தவணை ஆகிய ஒவ்வொன்றையும் எழுதுங்கள். தீர்க்கக்கூடியவற்றைத் தீர்த்துவிடுங்கள். தவணைக்காலம் முடிந்த கடன் இருப்பின் கடன் கொடுத்தவரை நேரில் கண்டு இசைவு பெறுங்கள். எஞ்சியவற்றை எவர் தீர்ப்பார் என்பதைப் பொறுப்பேற்பவரின் பெயரோடு எழுதி வையுங்கள். கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளுமாறு பணிக்கும் 2ஆம் அத்தியாயத்தின் 282ஆம் வசனமே திருமறையின் மிக நீண்ட வசனம் என்பது சிந்திக்கத்தக்கது.

பலர் கணக்கில் சேர்க்க மறக்கும் கடன் ஒன்றுண்டு. அது மனைவிக்குக் கொடுக்கவேண்டிய மஹர் ஆகும். நிக்காஹ் தஃப்தரில் எழுதி, பின்னர் எவரும் பேசாமல் விட்ட அத்தொகை, கணவன் தலைமீதுள்ள கடனே. முப்பது ஆண்டு இல்லறம் நடத்திவிட்டதால் அது கழிந்துவிடாது. மனைவியும் உடன் ஹஜ்ஜுக்கு வருகிறாளே, அவள் செலவையும் நானே ஏற்கிறேனே என்று வாதிடுவோர், அது மஹருக்கு ஈடு என்று அவளிடம் சொல்லி அவள் மனமொப்பினாளா என்பதைக் கேட்டுக்கொள்ளட்டும்.

இரண்டாம் கணக்கு: உடன்பிறந்தாள் பங்கு

இதைப் பற்றிப் பேசுவது கசப்பாக இருக்கலாம். ஆயினும் பேசாமல் விடலாகாது. நம் மாவட்டம் விவசாய மாவட்டம். நெல்லும் மணிலாவும் கரும்பும் சவுக்கும் விளையும் நிலங்கள் நம்மவர் பலருக்கும் உண்டு. தந்தை இறந்த பின், அந்நிலத்தை மூத்த மகன் பார்த்துக்கொள்வதும், சகோதரிகளின் பங்கு பேச்சளவிலேயே நின்றுவிடுவதும் எத்தனை இல்லங்களில் நிகழ்கின்றன!

ஓர் எடுத்துக்காட்டால் விளங்கிக்கொள்வோம். ஒருவர் 8 ஏக்கர் நிலத்தை விட்டு இறக்கிறார். அவருக்கு மனைவியும், ஒரு மகனும், இரண்டு மகள்களும் உள்ளனர். பெற்றோர் முன்னரே காலமாகிவிட்டனர். கடனும் வஸிய்யத்தும் இல்லையென வைத்துக்கொள்வோம். மனைவிக்கு எட்டில் ஒரு பங்கு. அதாவது 1 ஏக்கர். எஞ்சிய 7 ஏக்கரில் மகனுக்கு இரு பங்கு, மகள் ஒவ்வொருத்திக்கும் ஒரு பங்கு. ஆக மகனுக்கு மூன்றரை ஏக்கர். மகள்களுக்கு ஆளுக்கு ஒன்றே முக்கால் ஏக்கர். எட்டு ஏக்கரின் விளைச்சலையும் விற்று ஹஜ்ஜுக்குப் பணம் கட்டும் மகன், தனக்குரிய மூன்றரை ஏக்கரோடு, தன் தாய்க்கும் சகோதரிகளுக்கும் உரிய நான்கரை ஏக்கரின் வருவாயையும் சேர்த்தே கட்டுகிறான் என்பதை உணரவேண்டாமா? இஹ்ராம் துணி எவ்வளவு வெண்மையாக இருந்து என்ன பயன்?

"திருமணத்தில் நகை போட்டோமே, சீர் செய்தோமே" என்பது வழக்கமான பதில். சீர் என்பது ஊர் வழக்கம். பங்கு என்பது இறைவன் விதித்த கடமை. நான்காம் அத்தியாயத்தின் 7ஆம் வசனம், பெற்றோர் விட்டுச்சென்றது சிறிதாயினும் பெரிதாயினும் அதில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் நிர்ணயிக்கப்பட்ட பங்குண்டு என்பதைத் தெளிவாக்கிவிட்டது. "தங்கையே வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்" என்பது மற்றொரு பதில். பங்கைக் கேட்டால் பிறந்த வீட்டு வாசல் அடைபட்டுவிடுமோ என்றஞ்சி அவள் சொன்ன சொல், மனமுவந்து கொடுத்த கொடையாகுமா? முதலில் அவள் பங்கு எவ்வளவு என்பதைச் சொல்லுங்கள். அதை அவள் கைவசம் ஒப்படையுங்கள். அதன் பின்னர் அவள் விரும்பி அளித்தால் அது வேறு.

சட்டமும் இதற்குத் துணை நிற்கிறது. 1937ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டம் விவசாய நிலத்தை விலக்கி வைத்திருந்தது. 1949ஆம் ஆண்டில் சென்னை மாகாணம் அதைத் திருத்தி, விவசாய நிலத்தையும் அச்சட்டத்திற்குள் கொண்டுவந்தது. எனவே தமிழகத்தில் நஞ்சைக்கும் புஞ்சைக்கும் மார்க்கம் வகுத்த பங்கே சட்டப்படியான பங்காகும். பாகப்பிரிவினை எழுதிச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்து, பட்டாவையும் மாற்றிவிட்டுப் புறப்படுபவர், மக்காவில் கையேந்தும்போது நாணமின்றிக் கையேந்தலாம்.

மூன்றாம் கணக்கு: வஸிய்யத்

சொல்லவேண்டிய செய்தி உள்ள முஸ்லிம், தன் வஸிய்யத்தை எழுதி வைக்காமல் இரண்டு இரவுகளைக் கழிப்பது தகாது என்னும் நாயக வாக்கு புகாரீ, முஸ்லிம் ஆகிய இரண்டிலும் வந்துள்ளது. ஊரில் இருப்பவனுக்கே இந்நிலை என்றால் கடல் கடந்து செல்பவனுக்கு எத்துணை அவசியம்!

வஸிய்யத்துக்கு எல்லை உண்டு. ஹஜ்ஜத்துல் விதா ஆண்டில் ஸஅது இப்னு அபீ வக்காஸ் (ரலி) அவர்கள் மக்காவில் நோயுற்றுக் கிடந்தார்கள். தமக்கு ஒரே ஒரு மகள்தான் உண்டு, ஆகவே சொத்தில் மூன்றில் இரு பங்கைத் தருமம் செய்துவிடலாமா என்று கேட்டார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் மறுத்து, பாதியையும் மறுத்து, மூன்றில் ஒரு பங்குக்கு மட்டும் இசைவு தந்து, அதுவும் அதிகமே என்றார்கள். வாரிசுகள் மக்களிடம் கையேந்தும்படி விட்டுச் செல்வதைவிட அவர்களைத் தன்னிறைவோடு விட்டுச் செல்வதே நல்லது என்பது அவர்கள் தந்த விளக்கம். பங்கு பெறும் வாரிசுக்குத் தனியே வஸிய்யத் இல்லை என்பதும் சட்டமாகும்.

எழுதவேண்டியவை அதிகமில்லை. கடன் விவரம், அமானிதப் பொருள் விவரம், வங்கிக் கணக்கும் காப்பீடும், நிலப் பத்திரம் இருக்கும் இடம், விடுபட்ட ஜகாத், விடுபட்ட நோன்பு, சிறு பிள்ளைகள் இருப்பின் அவர்களைக் காப்பவர் எவர் என்பன போதும். இரண்டு சாட்சிகளின் கையொப்பத்தோடு ஒரு பிரதியை மனைவியிடமும் மற்றொன்றை நம்பிக்கையான ஒருவரிடமும் கொடுத்துவிடுங்கள். குடும்பத் தலைவரின் கைப்பேசிக்குள்ளேயே எல்லாம் இருந்து, அவருக்கொன்று நேர்ந்தால் வீட்டாருக்கு ஒன்றும் தெரியாத நிலை இன்று மிகுந்துவருகிறது.

நான்காம் கணக்கு: மனக்கசப்பு

ஹஜ்ஜுக்குப் புறப்படுபவர் உறவினர் வீடுகளுக்குச் சென்று, குற்றங்குறைகளை மன்னித்துவிடுங்கள் என்று கேட்கும் நல்வழக்கம் நம்மிடையே இருந்துவருகிறது. ஆனால் நாம் செல்லும் வீடுகள் பெரும்பாலும் நம்மோடு பிணக்கில்லாத வீடுகளே. எவரிடம் கேட்கவேண்டுமோ அவர் வீட்டைக் கடந்து சென்றுவிடுகிறோம்.

தொழுகை, நோன்பு, ஜகாத் ஆகிய அனைத்தோடும் மறுமைக்கு வந்து, ஆனால் ஒருவரை ஏசியும், மற்றொருவர் மீது பழி சுமத்தியும், இன்னொருவர் பொருளை உண்டும் வந்தவனே உண்மையான ஏழை என்று நாயகம் (ஸல்) அவர்கள் ஸஹாபாக்களுக்கு விளக்கினார்கள். அவன் நன்மைகள் யாவும் உரியவர்களுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டுவிடும். போதாதபோது அவர்கள் பாவங்கள் அவன் மீது சுமத்தப்படும். ஹஜ்ஜின் நன்மையை இவ்வாறு பிறருக்குப் பங்கிட்டுக் கொடுக்கவா இத்தனை செலவில் செல்கிறோம்? வரப்புத் தகராறில் பேச்சை நிறுத்திய பக்கத்து நிலத்துக்காரர், அவர் எந்தச் சமயத்தவராயினும், நம் பட்டியலில் முதலிடம் பெறட்டும்.

உடலும் உரிமமும்

இனி உலகியல் ஏற்பாடுகளைக் காண்போம். ஹஜ் என்பது உடல் உழைப்பு மிகுந்த வணக்கம். ஸஃபா மர்வாவுக்கிடையே ஏழுமுறை நடப்பது மட்டும் ஏறத்தாழ 3 கி.மீ. ஆகும். மக்காவிலிருந்து அரஃபாத் சுமார் 20 கி.மீ. தொலைவு, அதாவது திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வரும் தொலைவில் ஏறத்தாழப் பாதி. வாகனங்கள் உண்டெனினும் நடக்கவேண்டிய வேளைகள் பல. ஆகவே மூன்று நான்கு மாதங்களுக்கு முன்பிருந்தே, சுபுஹுத் தொழுகைக்குப் பின் நாள்தோறும் நடந்து பழகுங்கள். புதுச் செருப்பை அங்கே கொண்டுபோய் அணியாமல், இங்கேயே அணிந்து பழக்கிவிடுங்கள்.

மூளைக்காய்ச்சலைத் தடுக்கும் மெனிஞ்சைட்டிஸ் தடுப்பூசி ஹாஜிகளுக்குக் கட்டாயமாகும். சென்றடைவதற்குக் குறைந்தது 10 நாட்களுக்கு முன் அதைப் போட்டுக்கொள்ள வேண்டும். சர்க்கரை, இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருந்துகளை மருத்துவரின் சீட்டோடு கைப்பையிலேயே வைத்துக்கொள்ளட்டும். விமானத்திலேயே மீக்காத் எல்லையைக் கடக்க நேரும் என்பதால், நேரே மக்கா செல்வோர் இஹ்ராம் துணியைப் பெரிய பெட்டியில் போட்டுவிடலாகாது.

2024ஆம் ஆண்டு ஹஜ்ஜின்போது மக்காவில் வெப்பம் 51 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. அவ்வாண்டு 1,301 பேர் உயிரிழந்ததாகச் சவூதி அரசு அறிவித்தது. அவர்களில் 83 விழுக்காட்டினர் முறையான ஹஜ் அனுமதி இல்லாமல் வந்தவர்கள். அனுமதியின்றிச் சென்றவருக்குக் கூடாரமும் இல்லை, வண்டியும் இல்லை; கொளுத்தும் வெயிலில் கால்நடையாகவே செல்லவேண்டியதாயிற்று. "விசிட் விசாவில் போய் ஹஜ்ஜையும் முடித்துவிடலாம்" என்று ஆசைகாட்டுவோரின் சொல்லைக் கேட்பவர் இதை எண்ணிப் பார்க்கட்டும். ஹஜ் கமிட்டி மூலமோ, அரசிடம் பதிவு பெற்ற நிறுவனம் மூலமோ மட்டுமே செல்லுங்கள். கட்டிய ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது பெறுங்கள். 2018ஆம் ஆண்டு முதல் மத்திய அரசின் ஹஜ் மானியமும் நிறுத்தப்பட்டுவிட்டது. முழுச் செலவும் நம் பணமே என்றான பிறகு, அது எவ்வழியில் வந்தது, எவரிடம் செல்கிறது என்று கேட்பது நம் கடமையாகும்.

2018ஆம் ஆண்டிலிருந்தே மஹ்ரம் துணையில்லாத பெண்கள் குழுவாகச் செல்ல ஹஜ் கமிட்டி வழிசெய்துள்ளது. அரசு விதி இடம் தருகிறது என்பதோடு, தம் மத்ஹபின் சட்டம் என்ன என்பதையும் அத்தகைய சகோதரிகள் ஓர் ஆலிமிடம் கேட்டறிந்து முடிவு செய்வது நன்று.

பெட்டியில் எச்சரிக்கை

நம் வீட்டுப் பெண்மணிகளுக்கு ஒரு சொல். குருமாவுக்கு நாம் அரைக்கும் கசகசா சவூதி அரேபியாவிலும் வளைகுடா நாடுகளிலும் தடை செய்யப்பட்ட பொருள். மசாலாப் பொட்டலத்தில் அன்போடு கலந்து கொடுக்கும் ஒரு பிடி கசகசா, மகனைச் சிறைக்கு அனுப்பிவிடக்கூடும். சில வலி மருந்துகளும் இருமல் மருந்துகளும் அங்கே போதைப்பொருள் சட்டத்திற்குள் வருபவை.

"என் மகனிடம் இதைக் கொடுத்துவிடுங்கள்" என்று ஊரார் கொடுக்கும் பார்சலும் அமானிதமே. அமானிதம் என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிவிடலாகாது. கொடுத்தவர் முன்னிலையில் பிரித்துப் பாருங்கள். பிரிக்க இசையாதவரின் பொருளை வாங்காதீர்கள். இதில் கூச்சப்படுவதற்கு ஒன்றுமில்லை. விமான நிலையத்தில் அது யாருடைய பெட்டியில் இருந்ததோ அவரே பதில் சொல்லவேண்டும்.

பிழைப்புக்காகச் செல்வோருக்கு

ஹலாலான வருவாய் தேடிச் செல்லும் பயணமும் நன்மைக்குரிய பயணமே. ஆனால் அதற்கான விசாவுக்கு வட்டிக்குக் கடன் வாங்கிச் செல்லும் இளைஞரின் முதல் ஆண்டு உழைப்பு யாருக்குச் செல்கிறது? வட்டியை மார்க்கம் எத்துணை வன்மையாகத் தடுத்துள்ளது என்பதை அறிந்தும், புறப்பாட்டையே வட்டியில் தொடங்கலாமா? இங்கேதான் ஜமாஅத்தாருக்கும் வசதி படைத்த உறவினருக்கும் கடமை உண்டு. ஆண்டுதோறும் உம்ரா செல்லும் செல்வர், ஓராண்டுச் செலவை வட்டியில்லாக் கடனாக ஓர் இளைஞருக்கு அளித்தால், ஒரு குடும்பம் தலைநிமிரும்.

செல்பவர் அறிந்திருக்க வேண்டியவை சில உண்டு. 1983ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தின்படி, வேலைக்கு ஆள் அனுப்பும் முகவர் மத்திய அரசிடம் பதிவு பெற்றவராக இருக்க வேண்டும். அவர் பெறும் சேவைக் கட்டணத்திற்கு 30,000 ரூபாயும் அதற்குரிய வரியும் என்று உச்சவரம்பு விதிக்கப்பட்டுள்ளது. பத்தாம் வகுப்பு தேறாதவர் வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குச் செல்லக் குடியேற்ற அனுமதி பெறவேண்டும். அந்த அனுமதியோடு, 10 லட்சம் ரூபாய் வரையிலான பிரவாசி பாரதிய பீமா காப்பீடும் சேர்ந்தே வருகிறது. இந்த அனுமதியைத் தவிர்ப்பதற்காகச் சுற்றுலா விசாவில் அனுப்பப்படுபவர், அரசின் ஏட்டிலேயே இல்லாதவராகி, ஆபத்துக் காலத்தில் கேட்பாரின்றி நிற்கிறார்.

வேலை ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையொப்பமிடாதீர்கள். படிக்க இயலாதவர் ஊரில் படித்தவரிடம் கொடுத்துப் பொருளறிந்துகொள்ளட்டும். சம்பளம், வேலை நேரம், தங்குமிடம், விடுப்பு ஆகியவை அதில் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். கடவுச்சீட்டு, விசா, ஒப்பந்தம் ஆகியவற்றின் நகல்களை வீட்டில் வைத்துவிட்டுச் செல்லுங்கள்.

வழியனுப்பு

சென்னை விமான நிலையத்திற்கு ஒரு ஹாஜியோடு இரண்டு வேன்களில் உறவினர் செல்வதும், மாலைகளும், விருந்துகளும், தெருவில் விளம்பரத் தட்டிகளும் இன்று பெருகிவருகின்றன. வணக்கத்தின் உயிர் இக்லாஸ் ஆகும். விளம்பரத் தட்டியில் ஏறிய ஹஜ், இறைவனின் ஏட்டில் ஏறுமா என்று அஞ்சவேண்டாமா? இரண்டு ரக்அத் தொழுகை, வீட்டாரை இறைவனிடம் ஒப்படைக்கும் துஆ, பெரியோரின் நல்வாழ்த்து, ஏழைகளுக்குச் சிறு தருமம் ஆகியவையே அழகிய வழியனுப்பு. மூவர் சேர்ந்து பயணம் செய்தால் ஒருவரைத் தலைவராக ஆக்கிக்கொள்ளுமாறு நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்திருக்கிறார்கள். கூட்டமாகச் செல்லும் நம் பகுதி ஹாஜிகள் இதைப் பின்பற்றினால், முதியோர் வழிதவறித் திகைப்பதைத் தவிர்க்கலாம்.

பயணம் என்பது வேதனையின் ஒரு பகுதி, அது உறக்கத்தையும் உணவையும் தடுக்கிறது, வேலை முடிந்ததும் விரைந்து வீடு திரும்புக என்பதும் நாயகம் (ஸல்) அவர்களின் அறிவுரையாகும். திரும்பி வருவதை நாம் அனைவரும் நாடுகிறோம். திரும்பாத பயணம் ஒன்று நம் ஒவ்வொருவருக்கும் எழுதப்பட்டிருக்கிறது. அதற்குக் கடவுச்சீட்டு வேண்டாம், தேதியும் முன்கூட்டி அறிவிக்கப்படாது. வெளிநாட்டுப் பயணத்திற்காக மேலே கண்ட கணக்குகளைத் தீர்த்தவர், அந்தப் பயணத்திற்கும் ஆயத்தமாகிவிட்டவரே. இவ்வாண்டு எங்கும் புறப்படாதவருக்கும் இந்தக் கணக்குகள் உண்டு.

இன்றிரவே அந்த நோட்டுப் புத்தகத்தை எடுங்கள். முதல் வரியில் பிஸ்மில்லாஹ் என்று எழுதி, அடுத்த வரியில் நீங்கள் கொடுக்கவேண்டியவரின் பெயரை எழுதுங்கள். பிறர் உரிமை எதுவும் கலவாத தூய பொருளோடும் தூய நெஞ்சோடும் தன் இல்லம் நாடிச் செல்லும் பாக்கியத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.